பெண்கல்வி வரலாறு: ஆண்டுகளைக் குழப்பிய அனுபவத்திலிருந்து

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 மெயின்ஸுக்குப் படித்தபோது பெண்கல்வி என்றால் எனக்கு ஒரு பக்க ஜெராக்ஸ்தான். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ஆண்டு. மாதிரித் தேர்வில் கொல்கத்தாவின் பெத்யூன் பெண்கள் பள்ளிக்கு 1879 என்று எழுதிவிட்டு வந்தேன். பள்ளி 1849, கல்லூரிதான் 1879. சாவித்திரிபாய் புலே புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய 1848 வேறு பக்கத்திலேயே நின்று குழப்பும்.

'முதல்' என்ற சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். என் ஜெராக்ஸில் தமிழகத்தின் முதல் மகளிர் கல்லூரி ராணி மேரி (1914) என்று இருந்தது. பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி 1895-இலேயே வந்துவிட்டது. ராணி மேரிக்குச் 'சென்னை நகரில்' என்று சேர்த்தால்தான் சரி.

அப்புறம் பட்டியலை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு யார் பாடம் நடத்துவது? வயதுக்கு வந்த பெண்ணை ஆண் வாத்தியார் முன்னால் உட்காரவைக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். பெண் ஆசிரியர் வேண்டுமென்றால் முதலில் ஒரு பெண் படித்திருக்க வேண்டும். படிக்கிற வயதிலோ கல்யாணம் ஆகிவிடும். ஆங்கிலேய அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழு (1882) ஏன் பெண் ஆசிரியர் பயிற்சி பற்றிப் பேசியது என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்த முடிச்சில் கை வைத்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறு வயதிலேயே கணவரை இழந்தவர், 1911-இல் பி.ஏ. முடித்தார். வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்ட இளம் விதவைகளை மறுபடி கல்யாணம் என்று யாரும் கூப்பிடப் போவதில்லை, அவர்களையே ஆசிரியர்களாக்கினால்? 1912-இல் எழும்பூரில் விடுதி தொடங்கினார். பிறகு அது கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைத்திருந்த கட்டடம்! இன்று விவேகானந்தர் இல்லம். 1922-இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. பாருங்கள், நான்கு வரியை மனப்பாடம் செய்யாமலே சொல்லிவிட்டேன். காமராஜர் சாலையில் பஸ்ஸில் போனால் ராணி மேரியையும் ஐஸ் ஹவுஸையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். எனக்கு நோட்டை விட அந்த ஜன்னல் சீட் உதவியது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் சுப்புலட்சுமி பிறந்த அதே 1886-இல் பிறந்தவர், அதனால் இருவரையும் ஒன்றாகவே படியுங்கள். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள் மட்டுமே படித்த காலத்தில், எதிர்ப்பை மீறி மன்னர் அனுமதியோடு சேர்ந்தவர். மருத்துவப் பட்டம் 1912, ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் 1930. இவருக்கு நிறைய நோட்ஸ் கிடைக்கும், நான் நீட்டவில்லை.

ஒரு எச்சரிக்கை: தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவர் என்றதும் இவரையும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரையும் குழப்பிக்கொள்வோம். மூவலூர் அம்மையார் பெயரில் 1989 முதல் கொடுத்தது திருமண உதவித் தொகை. 2022-இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் ஆனது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குத் திரும்பிய இந்த இடத்தைத்தான் நான் கட்டுரை விடையின் கடைசிப் பத்தியாக வைத்தேன்.