அம்மாவின் சீட்டில் ‘இல்லை’

அம்மாவுக்குத் தை மாதம் ஆரம்பித்த இருமல். பக்கத்து ஊரில் எக்ஸ்ரே எடுத்து, வலது நுரையீரலில் நிழல் தெரிகிறது என்றார்கள். சளியில் கிருமி இல்லை. இருந்தாலும் டிபியாகத்தான் இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டும் எடைதான் குறைந்தது, இருமல் குறையவில்லை. ஒருநாள் துண்டில் ரத்தம் பார்த்துவிட்டு மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே டாக்டர் பழைய சீட்டைப் புரட்டியபடியே, “பீடி, சுருட்டு ஏதாவது உண்டாம்மா?” என்றார். எனக்குச் சொல்லக் கூச்சம். அம்மாவே சொன்னாள்: “நடவுக்குப் போன நாள்லேர்ந்து சுருட்டு உண்டு தம்பி.” சீட்டில் ‘புகைப்பழக்கம்: இல்லை’ என்று இருந்தது. பொம்பளைதானே என்று கேட்காமலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்களை மட்டும் சொல்வானேன், நானும் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தவள்தான். பாதியில் அணைத்த சுருட்டைச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு அவள் முடிந்துவைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்.

அப்புறம் சிடி ஸ்கேன், பயாப்சி. குப்புறப் படுக்கவைத்து, சிடியில் பார்த்துக்கொண்டே முதுகு வழியாக ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். ஊசி பட்ட நுரையீரலிலிருந்து காற்று கசிகிறதா என்று மறுபடி ஓர் எக்ஸ்ரே. “எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்றாள் அம்மா. முடிவுக்குக் காத்திருந்த ஒன்பது நாள்தான் கொடுமை.

ஸ்குவாமஸ் செல் வகைப் புற்றுநோய். புகைக்காத பெண்களுக்கு வந்தால் பெரும்பாலும் அடினோகார்சினோமா என்ற வேறு வகையாக இருக்கும், இது புகையோடு ஒட்டியது என்று டாக்டர் விளக்கினார். புகையால் பெண்களுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை என்பார்களே என்று இழுத்தேன். பெண்கள் இளவயதிலேயே பிடிக்க ஆரம்பித்து, ஆயுசு முழுக்கப் பிடித்த தலைமுறை வரும்வரை அப்படித்தான் தெரிந்ததாம். பிரிட்டனில் 12 லட்சம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட கணக்கில், நுரையீரல் புற்றுநோய்ச் சாவு புகைக்காதவர்களைவிடப் புகைத்தவர்களிடம் சுமார் 21 மடங்கு. 40 வயதுக்கு முன்பே விட்டவர்கள், புகையால் கூடும் சாவு அபாயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தப்பியிருக்கிறார்கள். அது சிகரெட் கணக்கு. ஆனால் சுருட்டும் புகையிலைதானே.

“இனி விட்டு என்ன ஆகப்போவுது?” என்றாள் அம்மா. விட்டால் கீமோவையும் கதிர்வீச்சையும் உடம்பு நன்றாகத் தாங்கும் என்றார் டாக்டர். அன்றைக்கே சுருக்குப்பையை என் கையில் கொடுத்தாள். வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு.

கதிர்வீச்சுப் பிரிவில் பதிவு செய்த பையன், தலை நிமிராமல் ‘இல்லை’யில் டிக் அடித்தான்.

“தம்பி, அதை மாத்துங்க. 45 வருஷம்னு எழுதுங்க” என்றேன்.