பிஎஸ்4 கண்ட்ரோலர் ஃபோன்ல கனெக்ட் ஆகலையா? கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி லைட்டைப் பாருங்க

டூயல்ஷாக் 4, அதாவது பிஎஸ்4 (சோனியோட ப்ளேஸ்டேஷன் 4 கேம் மெஷின்) கூட வர்ற கண்ட்ரோலர், அதை ஃபோன்ல போட்டு விளையாடறவங்களுக்காக எழுதறேன். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 ரெண்டும் 2019ல வந்ததுல இருந்தே நேரடி சப்போர்ட் இருக்கு, தனியா ஆப் எதுவும் வேண்டாம். என் மச்சினன் பிஎஸ்5 வாங்கினதும் அவனோட பழைய கண்ட்ரோலர்ல ஒண்ண எனக்குக் குடுத்தான், அவனே கனெக்ட்டும் பண்ணிக் குடுத்தான், கால் ஆஃப் டியூட்டி மொபைல் அருமையா ஓடிச்சு.

அப்புறம் ஒரு நாள் திடீர்னு கனெக்ட் ஆகல. ப்ளூடூத் லிஸ்ட்ல வயர்லெஸ் கண்ட்ரோலர்னு பேரு அப்படியே இருக்கு, தொட்டா கொஞ்ச நேரம் சுத்திட்டு முடியலன்னு சொல்லுது. நடுவுல இருக்கிற பிஎஸ் பட்டனை அழுத்தினா முன்னாடி லைட் வெள்ளையா மெதுவா மின்னுது, கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடுது. சார்ஜ் ஃபுல்லா இருக்கு.

ஃபோன் கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார், பண்ணேன். அப்போ நெட்வொர்க் செட்டிங்ஸ ரீசெட் பண்ணுங்க சார்னாங்க. தயவுசெஞ்சு இதை யாரும் எடுத்த எடுப்புல பண்ணிடாதீங்க. வீட்டு வைஃபை, ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் போச்சு, இயர்பட்ஸ், கார் ஸ்டீரியோன்னு சேவ் ஆகி இருந்ததெல்லாம் மொத்தமா அழிஞ்சு போச்சு, கண்ட்ரோலர் மட்டும் வரல, இப்ப லிஸ்ட்ல பேரு கூட இல்ல. இதெல்லாம் அழியும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல.

சரின்னு சனிக்கிழமை வெயில்ல சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனேன். ஒரு கடையில அந்தப் பையன் கையில வாங்கி பிஎஸ் பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்தினான், வெள்ளை லைட் மின்னி அணைஞ்சுது, உடனே "ப்ளூடூத் போர்டு போச்சுண்ணா, மாத்தணும், அதுக்கு நீங்க புதுசே எடுத்துக்கலாம்"னு ஒரு பாக்ஸை எடுத்து வெச்சான். ஒரிஜினல் விலையில பாதி கூட இல்ல, பாத்தவுடனே தெரிஞ்சுது டூப்ளிகேட்னு. வேணாம் தம்பின்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த ஒரு விஷயத்துல தப்பிச்சேன்.

விடை கிடைச்சது வீட்டுலதான். ராத்திரி உக்காந்து பட்டனை அழுத்திட்டு இருக்கேன், மேல் மாடியில இருந்து மச்சினன் ஃபோன் பண்றான், "மாமா, எங்க பிஎஸ்4 பீப்னு கத்திட்டு தானா ஆன் ஆகுது, நீங்க ஏதாவது பண்றீங்களா?"ன்னு. அப்பதான் புரிஞ்சுது. நடுவுல அவன் பையன் இந்தக் கண்ட்ரோலரை எடுத்துட்டுப் போய் பிஎஸ்4ல ஒயர் போட்டு சார்ஜ் ஏத்தி அப்படியே பிஎஸ் பட்டனையும் அழுத்தி விளையாடியிருக்கான். இந்தக் கண்ட்ரோலர் ஒரு நேரத்துல ஒரே ஒரு மெஷினைத்தான் ஞாபகம் வெச்சுக்கும். ஒயர்ல பிஎஸ்4 கூட சேந்த உடனே என் ஃபோனை மறந்துட்டுது. அதுக்கப்புறம் நான் பட்டனை அழுத்தும்போதெல்லாம் அது மேல் வீட்டு பிஎஸ்4ஐத்தான் கூப்பிட்டுட்டு இருந்திருக்கு, ரிச்சி ஸ்ட்ரீட்ல அது கிடைக்காம அணைஞ்சிருக்கு. போர்டு நல்லாத்தான் இருக்கு!

அதனால இதை மனசுல வெச்சுக்கங்க: லைட் மெதுவா மின்னினா அது பழைய மெஷினைத் தேடுதுன்னு அர்த்தம், அந்த நேரத்துல ஃபோன்ல எவ்வளவு தேடினாலும் வராது. ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேத்து அழுத்திப் பிடிச்சா லைட் ரெண்டு ரெண்டா வேகமா வெட்டும், அதுதான் பேரிங் மோடு, அதாவது புது மெஷின் கூட சேரத் தயாரா இருக்கிற நிலை, அப்பதான் ஃபோன் லிஸ்ட்ல வரும். அதுக்கு முன்னாடி ஃபோன்ல பழைய என்ட்ரி இருந்தா அதை மட்டும் ஃபர்கெட் குடுத்துடுங்க, போதும். அப்படியும் வேகமா வெட்டலன்னா பின்பக்கம் எல்2 பட்டன் கிட்ட ஒரு குட்டி ஓட்டை இருக்கும், பிஎஸ்4ஐ ஆஃப் பண்ணிட்டு சிம் எடுக்கிற ஊசியை அந்த ஓட்டைக்குள்ள விட்டு அஞ்சு செகண்ட் அழுத்துங்க, ரீசெட் ஆகிடும். நான் ரீசெட் பண்ணிட்டு ஷேர், பிஎஸ் ரெண்டையும் பிடிச்சேன், பேரு வந்துச்சு, தொட்டேன், லைட் நின்னு எரிஞ்சுது. அப்பாடா!

கனெக்ட் ஆன பிறகும் நடுநடுவுல லேக் ஆச்சு, ஸ்டிக்கைத் தள்ளினா ஆளு லேட்டா ஓடறான், இல்லன்னா நிறுத்தின பிறகும் ஓடிட்டே இருக்கான். ப்ளூடூத்தும் சாதா வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் ஓடுது, அதுல நான் ப்ளூடூத் இயர்பட்ஸ் வேற போட்டிருந்தேன், மூணும் ஒரே சந்துல முட்டிக்குது. ஃபோனை ரூட்டரோட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பேருக்கு மாத்தினேன், ஒயர் ஹெட்ஃபோன் போட்டேன், லேக் காணாமப் போச்சு. உங்க ரூட்டர்ல 5 இல்லன்னா மொபைல் டேட்டாவுல ஆடிப் பாருங்க, வித்தியாசம் தெரியும். பேட்டரி சேவரையும் ஆஃப்ல வெச்சுக்கங்க. ஆண்ட்ராய்டு 9 ஃபோன் வெச்சிருக்கவங்க பட்டன் மாறி மாறி வேலை செஞ்சா கண்ட்ரோலரைத் திட்டாதீங்க, சப்போர்ட்டே 10ல இருந்துதான்.

இன்னொண்ணு, திரும்ப பிஎஸ்4க்குக் குடுக்கும்போது ஒயர் போட்டு பிஎஸ் பட்டன் அழுத்தணும், ஆனா அந்த மைக்ரோ யுஎஸ்பி ஒயர் டேட்டா போற ஒயரா இருக்கணும். பவர் பேங்க் கூட வர்ற ஒயர்கள்ல சிலது சார்ஜுக்கு மட்டும்தான், அதுல சார்ஜ் ஏறும், ஆனா பேரிங் ஆகாது. மச்சினன் அதுல மாட்டிக்கிட்டு மறுபடியும் கண்ட்ரோலர் போச்சுன்னு ஆரம்பிச்சான், பழைய ஃபோன் கூட வந்த ஒயரைக் குடுத்தேன், உடனே எடுத்துக்கிச்சு. இப்ப அந்த ஒயரை பிஎஸ்4 பக்கத்துலயே கட்டி வெச்சாச்சு, பையன் ஆடி முடிச்சு எங்கிட்ட குடுத்தா நான் ஷேர், பிஎஸ் ரெண்டையும் பிடிச்சு ஃபோனுக்கு எடுத்துக்கறேன்.