படகு மறுபடி தண்ணீருக்கு

மார்ச் 4
படகைக் கரையேற்றி இன்றோடு ஏழு வாரம். ஃபைபர் அடிப்பாகத்தில் இருந்த கொப்புளங்களைச் சுரண்டி, கழுவி, காயவிட்டதிலேயே அதில் பாதி நாட்கள் போய்விட்டன. ஈரம் உள்ளே இருக்கும்போது எபாக்சி பூசினால் கொப்புளம் திரும்ப வரும். அதனால் காத்திருந்தேன். இன்று முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம்வரை விரலால் தட்டிக்கொண்டே நடந்தேன். எங்கேயும் சத்தம் மாறவில்லை.

மார்ச் 7
கழிவறைக்குக் கடல்நீர் எடுக்கும் வால்வைக் கழற்றினோம். பார்க்க மஞ்சளாக, நன்றாகத்தான் இருந்தது. அரத்தால் ஒரு தேய்ப்பு தேய்த்ததும் உள்ளே செங்கல் நிறம். பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தை உப்புநீர் அரித்துவிட்டால் மிஞ்சுவது பஞ்சு மாதிரித் தாமிரம்தான். மெக்கானிக் சுத்தியலால் லேசாகத் தட்டினார். கழுத்து சுண்ணாம்புக் கட்டி போல உதிர்ந்தது. இதற்குப் பக்கத்தில்தான் இரண்டு வருஷமாகப் படுத்துத் தூங்கியிருக்கிறோம். மனைவி அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

நான்கு வால்வுகளையும் வெண்கலத்துக்கு மாற்றியாயிற்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூம்பாகச் சீவிய மரக்கட்டை ஒன்று கயிற்றில் தொங்குகிறது. வால்வு உடைந்தால் ஓட்டையில் அடிப்பதற்கு.

மார்ச் 11
பாசியும் கொட்டலசும் பிடிக்காத பெயிண்ட், இரண்டு கோட். நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானின் முன்விளிம்பிலும் மூன்று. துத்தநாகக் கட்டிமேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டேன். அதில் பெயிண்ட் பட்டால் அது கரையாது; அது கரையாவிட்டால் புரொப்பெல்லர் அரித்துப்போகும்.

மார்ச் 12
பலத்த காற்று. இறக்கவில்லை. முட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அடியில் விட்டுப்போன இடங்களுக்குப் பெயிண்ட் அடித்தோம்.

மார்ச் 13
காலையில் கிரேன் வந்தது. படகு தண்ணீரைத் தொட்டதும் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு உள்ளே இறங்கினேன். நான்கு வால்வுகளிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி வைத்திருந்தேன். ஒரு துளி பட்டாலும் காட்டிக்கொடுக்கும். மூன்று உலர்ந்திருந்தன. இன்ஜின் குளிர்நீர் வால்வில் பேப்பர் மெல்ல நிறம் மாறியது. குழாயில் இரண்டு கிளிப். இரண்டையும் இறுக்கிவிட்டதாகப் பட்டறையில் சொல்லியிருந்தார்கள். ஒன்றைத் தொடவே இல்லை. கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் மூன்று சுற்று, அப்புறம் புதுப் பேப்பர்.

“நல்லாப் பாத்துட்டே சொல்லுங்க சார், நான் நிக்கிறேன்” என்றார் கிரேன் ஓட்டுநர். இருபது நிமிஷம் நின்றார்.

பேப்பர் நனையவில்லை. இன்ஜினை ஓட்டியதும் பின்னால் புகைக்குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும்போது, அது படகைத் துளைத்து வெளியே போகும் இடத்து அடைப்பில் நிமிஷத்துக்கு மூன்று சொட்டு, நிறுத்தினால் சொட்டும் நின்றது. அப்படித்தான் இருக்க வேண்டும். சரி, பெல்ட்டைக் கழற்றலாம் என்றேன்.

இரவு படகிலேயே படுத்தோம். இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

மார்ச் 15
முட்டுமேல் நிற்கும் படகும் மிதக்கும் படகும் ஒரே வடிவத்தில் இருக்காது. அதற்காகவே இரண்டு நாள் விட்டு, இன்று ஷாஃப்ட்டும் இன்ஜினும் சேரும் இடத்தில் இடைவெளி அளந்தோம். மேலே கொஞ்சம் திறந்திருந்தது. இன்ஜினின் முன்கால்களை மயிரிழை உயர்த்தினோம். பாய்மரத்தின் பக்கக் கம்பிகளையும் முறுக்கி, மரம் நேராக நிற்கிறதா என்று அடியிலிருந்து அண்ணாந்து பார்த்துச் சரிசெய்தேன்.

மார்ச் 16
முதல் ஓட்டம். பெரிய பாய் மட்டும். படகு சாய்ந்து வேகமெடுத்ததும் சுக்கானை மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். தரைப்பலகையைத் தூக்கி, தாழ்ந்த பக்கத்தில் அடிவரை கைவிட்டுத் துழாவினேன். பெயிண்ட் சுரண்டிய தூசிதான் விரலில் ஒட்டியது.