திரும்பிப் பார்க்காமல் வண்டி ஓட்டப் பழகியது

ஓசிடி என்பது வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, அவற்றைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். பலருக்கும் அது கை கழுவும் நோயாகத்தான் தெரியும்; எனக்கு வந்த ஓசிடிக்கும் கை கழுவுவதற்கும் சம்பந்தமில்லை. ஸ்கூட்டரில் போகும்போது யார் மீதாவது மோதிவிட்டேனோ என்ற சந்தேகம்தான் என் நோய். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயல்களுக்கு நடுவே போகும் குறுகலான சாலை. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் பிள்ளைகள் நடந்து வருவார்கள். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், 'அது பள்ளம்தானா, பிள்ளையா?' என்று மனம் கேட்கும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். சாலையில் யாரும் இருக்க மாட்டார்கள். உடனே அடுத்த கேள்வி: அடிபட்ட பிள்ளை வாய்க்காலில் விழுந்திருந்தால்? இறங்கி வாய்க்காலையும் பார்ப்பேன். பள்ளி மணி அடித்திருக்கும்.

வீடு திரும்பினாலும் ஓயாது. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் விபத்துச் செய்திகளை வரி விடாமல் படிப்பேன். வண்டியின் முன்பக்கத்தைத் தடவிக் கீறல் தேடுவேன். "என்னங்க, நான் யாரையும் இடித்திருக்க மாட்டேன்தானே?" என்று கணவரைக் கேட்பேன். "இடித்திருந்தால் உனக்குத் தெரியாமலா போகும்?" என்பார். அது அரை மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடியும் கேட்பேன். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு அவரே என்னை அந்த இடத்துக்கு அழைத்துப்போனதும் உண்டு.

முதலில் பார்த்த மருத்துவர் தூக்க மாத்திரை எழுதினார். மாமியார் மந்திரித்த கயிறு கட்டினார். பிறகு ஒரு ஆலோசகரிடம் போனோம். எண்ணம் வரும்போதெல்லாம் மனதுக்குள் 'நிறுத்து' என்று சொல்லி, நல்லதை நினைக்கச் சொன்னார். விரட்ட விரட்ட அது இன்னும் வேகமாக வந்தது. இதை இன்றும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஓசிடிக்கு என்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்கும்போது, அதைத் தெரியாதவரிடம் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பது பெரிய இழப்பு.

தஞ்சாவூரில் பார்த்த மனநல மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளில் இதற்கு எவ்வளவு நேரம் போகிறது?" என்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, வேலையும் குடும்பமும் பாதிக்கப்பட்டாலோ அதை நோயாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பிறகு ஓசிடியின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலின் 10 கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண்; எனக்கு 28. தீவிர நிலை.

அன்று அவர் சொன்ன ஒரு தகவல் எனக்குப் பெரிய ஆறுதல். வேண்டாத எண்ணங்கள் பெரும்பாலான மனிதர்களுக்கு வருகின்றன. உளவியலாளர்கள் ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியதாம். நோயில்லாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே மாதிரி எண்ணங்கள்தான் வருகின்றன. நோயாளிக்கு அவை அடிக்கடி வருகின்றன, நீடிக்கின்றன, அதிகமாக வதைக்கின்றன. பிள்ளைகளோடு பழகும் நான் ஏன் பிள்ளைக்கு அடிபடுவதையே நினைக்கிறேன் என்று என்னை நானே வெறுத்துக்கொண்டிருந்தேன். எதை உயிராக மதிக்கிறோமோ அதைத்தான் இந்த நோய் பிடித்துக்கொள்ளும் என்று அவர் விளக்கியபோது அங்கேயே அழுதேன்.

செர்ட்ராலின் என்ற மாத்திரையை 50 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக 200 வரை போனோம். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் அதிக அளவு தேவைப்படும். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். முதல் வாரங்களில் குமட்டல் இருந்தது, தூக்கம் கெட்டது, பலன் எதுவும் தெரியவில்லை. பலர் மாத்திரையை விடுவது இந்தக் கட்டத்தில்தான் என்று அவர் முன்பே எச்சரித்திருந்ததால் தாங்கிக்கொண்டேன்.

ஆனால் உண்மையான உழைப்பு உளவியல் நிபுணரிடம் இருந்தது. பயத்தை எதிர்கொண்டு, அதைத் தணிக்க நாம் செய்யும் செயலைச் செய்யாமல் இருக்கப் பழகும் முறை இது, சுருக்கமாக இ.ஆர்.பி. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இதன் அடிப்படையை வகுத்தார். என் பயங்களை எளிதிலிருந்து கடினம் வரை வரிசைப்படுத்தினோம். முதலில் விபத்துச் செய்தி படிக்கக் கூடாது. அடுத்து, வண்டியில் கீறல் தேடக் கூடாது. பிறகு பள்ளத்தில் ஏறி இறங்கினாலும் வண்டியைத் திருப்பக் கூடாது. கடைசிப் படி, பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகளைக் கடந்து ஓட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வருவது. கூடவே, 'நான் யாரையாவது இடித்திருக்கலாம். அது எனக்கு எப்போதும் உறுதியாகத் தெரியாமல் போகலாம்' என்று எழுதித் தினமும் வாசிக்க வேண்டும். அந்த வரியை முதன்முறை எழுதியபோது விரல்கள் நடுங்கின.

வண்டியைத் திருப்புவதை நிறுத்திய பிறகும் பதற்றம் குறையவில்லை. ஏன் என்று கண்டுபிடித்தவர் அந்த நிபுணர்தான். வந்த வழி முழுவதையும் நான் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'முருகா, யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது' என்று குறிப்பிட்ட முறை சொல்லிக்கொண்டும் இருந்தேன். வெளியே தெரியாத இவையும், வண்டியைத் திருப்பிப் பார்ப்பதைப் போலவே, பயத்தைத் தணிக்கச் செய்யும் சடங்குகள்தான். காலையில் விளக்கேற்றிக் கும்பிடுவதில் தவறில்லை, எண்ணத்தை அழிப்பதற்காகக் கும்பிட வேண்டாம் என்றார். எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான்.

கணவருக்கும் பயிற்சி உண்டு. நான் கேட்டால், "உனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் நாள் அவர் மீது கத்தினேன். அவர் அடுக்களைக்குப் போய்க் காய் நறுக்கத் தொடங்கிவிட்டார். பதில் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் அவருக்கு அதிக அன்பு தேவைப்பட்டிருக்கும்.

பதற்றம் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்குவதைப் பல நாள் கண்டேன். இறங்காத நாட்களிலும் நோட்டுத் திருத்தினேன், சோறு வடித்தேன்; பதில் கிடைக்காமலே நாள் நடந்தது. மதிப்பெண் 11-க்கு வந்திருக்கிறது. தேர்தல் பணியில் தூக்கம் கெட்ட வாரத்தில் ஒருமுறை வண்டியைத் திருப்பத் தோன்றியது. எழுதி வைத்த வரியை மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். மாத்திரை தொடர்கிறது. திடீரென நிறுத்தக் கூடாது. குறைப்பதென்றால் மருத்துவர்தான் மெல்லக் குறைப்பார்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆலோசகரிடம் போனால் இ.ஆர்.பி. பயிற்சி பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். எண்ணத்தை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள். நான் அப்படித்தான் கொடுத்தேன், மருத்துவர் அதை வாசித்துவிட்டு, இதே எண்ணத்தோடு பலர் வருகிறார்கள் என்றார்.