கத்துகிறவனுக்கே முதலில் கொடுத்தேன்

போன வியாழக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, மச்சினனிடமிருந்து வாட்சாப். மஞ்சள் நிறத்தில் ஒரு கடன் விளம்பரப் படம். ஐசி (அடையாள அட்டை) மட்டும் போதும், அரை மணி நேரத்தில் பணம், பிளாக்லிஸ்ட் ஆனவர்களும் வரலாம். கீழே அவன் எழுதியிருந்தது ஒரே வரி: "மச்சான், இது ஓகேவா?"

நீளமாகத் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். கடைசியில் "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அதுவரைக்கும் யாருக்கும் ஐசி படம் அனுப்பாதே" என்று மட்டும் அனுப்பினேன். மீதியை இங்கே எழுதுகிறேன். இதையெல்லாம் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கூச்சம்.

2018 கடைசியில் எங்கள் ஃபேக்டரியில் ஓ.டி.யை நிறுத்தினார்கள். பினாங்குத் தீவில் ஃபேக்டரிகள் நிறைந்த பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். அடிப்படைச் சம்பளம் 1,900 வெள்ளி (ரிங்கிட்) என்றால் ஓ.டி.யோடு 2,700, 2,800 வரும். வீட்டுச் செலவு, கார்த் தவணை, கார்டு எல்லாம் அந்த 2,800ஐ நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஓ.டி. போன மறு மாதம் காரின் கியர்பாக்ஸும் போனது. பட்டறையில் 1,850 வெள்ளி கேட்டார்கள்.

வேலையிடத்து நண்பர் ஒருவர் கூட்டில், அதாவது சீட்டுக் கட்டுவதில், சேரச் சொன்னார். சட்டத்தில் கூட்டுக்குத் தடை என்பது எனக்கு அப்போதே தெரியும். 1971இல் அதற்கென்று ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள், அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் தமிழ்ச் சொல் இருக்கிறது. பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. சட்டத்துக்குப் பயந்து கூட்டை விட்டேன், விட்டுவிட்டு அதைவிடப் பெரிய குழியில் போய் விழுந்தேன். தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பிறையில், எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே விளக்குக் கம்பத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த வட்டிக்காரன் நம்பருக்கு அடித்தேன்.

2,000 கேட்டேன். கையில் வந்தது 1,600. முதல் வாரத்து வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள். வாரம் 400 வட்டி. அசல் 2,000ஐ மொத்தமாகக் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும் அந்த 400 நிற்காது. ஐசி நகல், வீட்டு முகவரி, மனைவியின் போன் நம்பர் எல்லாம் கொடுத்தேன். ஏடிஎம் கார்டையும் கேட்டார்கள், அதை மட்டும் எப்படியோ கொடுக்காமல் தப்பித்தேன்.

ஆலோங், அதாவது உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவன், என்றால் பச்சை குத்திய சீனன் ஒருவன் வந்து நிற்பான் என்று நினைத்திருந்தேன். எனக்குப் போன் செய்தவன் தமிழ்ப் பையன். குரலில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்கு மேல் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அடிப்பான். "அண்ணே, இன்னைக்கு வெள்ளிக்கிழமைண்ணே." அவ்வளவுதான் சொல்வான். மரியாதை குறையாது. அந்த ஒரு வரிக்கே என் வயிறு கலங்கும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் சாம்பிராணி வாசம் வந்தால்கூட அவன் குரல்தான் ஞாபகம் வந்தது.

ஏழு வாரம் கட்டினேன், 2,800 வெள்ளி. அசலில் ஒரு காசு குறையவில்லை. இந்தக் கணக்கைப் பின்னால்தான் போட்டுப் பார்த்தேன். உரிமம் வாங்கி வட்டிக்கு விடுகிறவர்களுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, ஈடு இருந்தால் 12. 2,000 வெள்ளிக்கு 18 விழுக்காடு என்றால் வருடம் முழுக்க 360. நான் வாரத்துக்கு 400 கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது வாரம் முடியவில்லை. சனிக்கிழமை விடிந்தபோது மூன்றாவது மாடி முழுக்கப் பெயிண்ட் வாடை. என் கதவில் ஒரு துளி இல்லை. பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மக்சிக்கின் கதவு, இரும்பு கேட், வாசலில் கிடந்த செருப்பு எல்லாம் சிவப்பு. வந்தவன் இருட்டில் கதவு மாறிவிட்டான். மக்சிக் தனியாக இருப்பவர், மகன் ஜொகூரில். கதவைத் திறந்து பார்த்தவர் என்னைத் திட்டவில்லை, தொழுகைக்குப் போட்ட வெள்ளைத் துணியோடு அப்படியே நின்றார். திட்டியிருந்தால் தேவலாம். இரண்டு இரவு உட்கார்ந்து தின்னரும் பழைய துணியுமாகத் துடைத்தேன். இரும்பில் பிடித்தது போனது. மரத்தில் ஊறியது போகவில்லை, அந்தப் பக்கம் முழுக்கப் பழுப்பு பெயிண்ட் வாங்கி அடித்துக் கொடுத்தேன்.

அதற்கு அப்புறம்தான் மனைவிக்கு முழுக் கதையும் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் உள்ளே போய் நான்கு வளையல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். முதலில் போலீஸ் ரிப்போர்ட் போட்டோம். பிறகு பட்டர்வொர்த்தில் ஓர் அடகுக் கடைக்குப் போனோம். மாதம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதத் தவணை, கையில் சீட்டு. ஆலோங்குக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் அது கோவில் பிரசாதம் மாதிரி. அங்கே முதலிலேயே போயிருந்தால் இந்தப் பதிவே இல்லை. நகையை அடகு வைத்தால் மானம் போகும் என்று ஒளித்துவைத்து, பக்கத்து வீட்டுக்காரரின் வாசலில் மானத்தை விட்டேன்.

தாமதக் கட்டணம் என்று 500 சேர்த்து 2,500 கொடுத்து முடித்தேன். உரிமம் இல்லாதவன் கொடுத்த கடனை அவன் நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்பதும், அப்படித் தொழில் செய்தால் இரண்டரை லட்சத்திலிருந்து பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை, இரண்டுமேகூட, என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவனிடம் என் வீட்டு முகவரி இருந்தது, பத்து வயதுப் பெண் பிள்ளை வீட்டில். கொடுத்தேன். அதைச் சரி என்று வாதாட மாட்டேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். 2019 பொங்கல் சமயத்தில் வீட்டுக் கடிதங்களைக் குடைந்தபோதுதான் அடுத்த கதை. ஜன்னல் வைத்த வெள்ளைக் கவர்கள், தீபாவளி வாழ்த்து அட்டைகளோடு ஒரே டிராயரில். கார்க் கடன் இரண்டு தவணை பாக்கி. கார்டு மூன்று மாதம் கட்டவில்லை. தனிநபர் கடன் ஒன்றும் இருந்தது, அதிலும் இரண்டு மாதம். வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் 21 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காரைத் தூக்கலாம். அந்த நோட்டீஸ் கவருக்குள்ளேயே கிடந்தது, நான் பிரிக்கவே இல்லை.

யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு மாதமும் நான் கத்துகிறவனுக்குக் கொடுத்தேன், கத்தாதவனுக்குக் கொடுக்கவில்லை. பேங்க் பெயிண்ட் ஊற்றாது. நல்ல ஆங்கிலத்தில் கடிதம் போடும், நாலு முறை போன் அடிக்கும், நாம் எடுக்காவிட்டால் விட்டுவிடும். விட்டுவிடும் என்பது நம் நினைப்பு, அது எழுதிக்கொள்கிறது. ஆலோங் கடன் எந்த அறிக்கையிலும் ஏறாது. அவனுக்குக் கொடுப்பதற்காக எதைக் கட்டாமல் விட்டோமோ அதுதான் ஏறும்.

எங்கே ஏறியது என்பதை, மலேசிய மத்திய வங்கியான பாங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் அறிக்கையை எடுத்தபோது பார்த்தேன். மைகார்டு என்ற ஐசியை வைத்து, கட்டைவிரலை வைத்து, இயந்திரத்தில் எடுத்தேன். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி, அதில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். எத்தனை தவணை பாக்கியோ அந்த எண். என் கார்டு வரியில் ஒன்பது சைபர் வரிசையாக நின்றது. அப்புறம் 1, 2, 3. பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளை எண் எழுதிப் பழகியது போலத்தான் இருந்தது. அந்த மூன்று எண்களுக்காகத்தான், எல்லாக் கடனையும் ஒன்றாக்கலாம் என்று நான் கேட்ட லோனை ஒரு பேங்க் மறுத்தது.

ஊரில் எல்லோரும் பிளாக்லிஸ்ட் என்கிறோம். அந்த அறிக்கையில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. நடந்ததை மட்டும் சொல்கிறது, கொடுக்கலாமா என்று முடிவு செய்வது பேங்க். மதிப்பெண் வேண்டுமென்றால் சிடிஓஎஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் 300லிருந்து 850 வரை போடுகின்றன. பயத்தில் நாலைந்து பேங்கில் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போடுவது நல்லதில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. நிலுவையில் உள்ள விண்ணப்பங்களும் அதில் வரும்.

அதே மாதம் ஏ.கே.பி.கே. போனேன். பாங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம், காசு வாங்குவதில்லை. அந்த ஜனவரி முதல் தேதியிலிருந்து பினாங்கு பாலத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு டோல் கட்டணத்தை நீக்கியிருந்தார்கள், அதனால் காரை வீட்டில் விட்டு மோட்டாரிலேயே தீவுக்குப் போய்வந்தேன். ஆலோசகர் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட இளையவர். சம்பளச் சீட்டு, கடன் கடிதங்கள், மாதச் செலவு என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். நான் 'இதர செலவு 250' என்று போட்டிருந்தேன். பேனாவை அதன்மேல் வைத்து, இது என்ன என்றார். சிகரெட் என்றேன். சிகரெட்டுக்குத் தனியாக எழுதியிருக்கிறீர்களே என்றார். கொஞ்ச நேரம் ஏர்கான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னேன்: நாலு நம்பர் லாட்டரி. வாரம் மூன்று நாள். அவர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. 250ஐ அடித்துவிட்டு 0 என்று எழுதி, அந்தத் தாளை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அவர்கள் பணம் தருவதில்லை. நமக்காகப் பேங்குகளோடு பேசித் தவணையை மாற்றித் தருகிறார்கள். ஆலோங் கடனுக்கு அங்கே வேலை இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். கார்த் தவணைப் பாக்கியை போனசில் கட்டினேன். கார்டும் தனிநபர் கடனும் ஒரே தவணையாக மாதம் 310 வெள்ளி, ஐந்து வருடம். கார்டை ஒப்படைக்க வேண்டும், முடியும்வரை புதுக் கடன் கிடையாது. முதல் ஆறு மாதம் கை உடைந்தது போல இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. அறிக்கையின் பன்னிரண்டு கட்டங்களில் பழைய மாதம் ஒவ்வொன்றாக நழுவிப் போகும். 2024இல் கடைசி 310ஐக் கட்டினேன். வளையல் நான்கில் மூன்றை மீட்டோம். ஒன்று போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். அவன் அக்கா, என் மனைவி, சுட்ட தோசையில் ஆறை முடித்துவிட்டு அந்த மஞ்சள் விளம்பரத்தை மறுபடி காட்டினான். வீட்டமைப்பு, ஊராட்சி அமைச்சின் இணையதளத்தில் உரிமம் பெற்றவர்களின் பட்டியலில் தேடினோம். பெயர் இருந்தது. போன் நம்பர் வேறு. உண்மையான கம்பெனியின் பெயரைத் திருடி வைத்திருக்கிறார்கள். "லைசென்ஸ் உள்ளவன் ஒப்பந்தத்தைச் சாட்சிக்கு முன்னால் கையெழுத்து வாங்கி உன்னிடம் ஒரு பிரதி கொடுப்பான், கொடுப்பதற்கு முன்னால் உன்னிடம் காசு கேட்க மாட்டான்" என்றேன். "இவன் 150 வெள்ளி முதலில் போடச் சொன்னானே" என்றான். போட்டாயா என்று கேட்கப் பயந்து அவன் அக்காவைப் பார்த்தேன். போடவில்லை.

அப்புறம் அவன் போனிலேயே அந்த அறிக்கையின் இணைய வடிவமான இ-சிசிஆர்ஐஎஸ் திறந்தோம். மோட்டார்க் கடன் வரியில் கடைசி இரண்டு கட்டம் 1, 2.

"ரெண்டு மாசம்தானே மச்சான், அவங்க ஒண்ணும் சொல்லலையே" என்றான்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவன் பேங்குக்குப் போன் செய்கிறான். நான் பக்கத்தில் இருக்கிறேன், லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.