அம்மாவின் கால்

பருவமடைந்த சில வருடங்களிலேயே என் கைகால்களில் கொழுப்பு வற்றிவிட்டது. நரம்பு புடைத்த கையையும் உருண்டு திரண்ட கெண்டைக்காலையும் பார்த்தவர்கள், உடற்பயிற்சி செய்கிறாயா என்று கேட்பார்கள். கழுத்தும் முகமும் மட்டும் பருத்துக்கொண்டே வந்தன. "அம்மாவின் கால் அப்படியே" என்பார்கள் வீட்டில்.

32 வயதில் சர்க்கரை வந்தது. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைட் 800ஐத் தாண்டியது. போன இடமெல்லாம் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் என் பிஎம்ஐ 22தான், சரியான அளவு. பட்டினி கிடந்தும் பார்த்தேன். கால்தான் இன்னும் மெலிந்தது.

நான்காவதாகப் பார்த்த ஹார்மோன் மருத்துவர் முதலில் என் காலைப் பார்த்தார். "அம்மாவுக்கும் இப்படியா?" என்று கேட்டார். அம்மா மாரடைப்பில் போனது 2006இல், 51 வயதில். அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

உடலில் எங்கே எவ்வளவு கொழுப்பு என்று காட்டும் டெக்ஸா ஸ்கேனில் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு நிறைய இருந்தது, கால்களில் மிகக் குறைவு. பிறகு மரபணு ஆலோசகர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மூன்று தலைமுறைக்கு வம்சப் படம் வரைந்தார். உடல் பருமன் என்றாலே பேசப்படும் எஃப்டிஓ மரபணுவாக இருக்குமோ என்று கேட்டேன். அதில் எடை கூட்டும் மாற்றம் இரண்டு பிரதியிலும் இருந்தாலும் சராசரியாக 3 கிலோதான் கூடுமாம். எவ்வளவு கொழுப்பு சேர்கிறது என்பது ஒன்று, அது எங்கே சேர்கிறது என்பது வேறொன்று என்றார். தொடையும் இடுப்பும் கொழுப்புக்குப் பத்திரமான கிடங்கு. அந்தக் கிடங்கு இல்லாவிட்டால் சாப்பிட்ட கொழுப்பு ஈரலிலும் தசையிலும் ரத்தத்திலும் போய்த் தங்கும். இத்தனை வருடம் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

ஒப்புதல் படிவம், ஒரு குழாய் ரத்தம், ஏழு வாரக் காத்திருப்பு. எல்எம்என்ஏ மரபணு, அது உருவாக்கும் புரதத்தின் 482ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டிரிப்டோஃபான் என்று வந்தது அறிக்கை. நோயின் பெயர் டனிகன் வகை லிப்போடிஸ்ட்ரோபி, அதாவது கைகால்களில் கொழுப்பு தங்காமல் போகும் பரம்பரை நோய். இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2000இலேயே தெரிந்துவிட்டது என்று படித்த இரவு தூக்கம் வரவில்லை. அப்போது அம்மா உயிரோடு இருந்தார்.

இப்போது கொழுப்பு குறைத்த சாப்பாடு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ட்ரைகிளிசரைடுக்குத் தனி மாத்திரை. போன மாதம் 310.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதால் தம்பியையும் அழைத்துப் போனேன். ஆண்களிடம் பார்வைக்கு எளிதில் தெரியாது. அவன் சாதாரணமாகத்தான் இருந்தான். அவனுக்கும் அதே மாற்றம். அவன் மகளுக்கு ஒன்பது வயது. அவளை எப்போது பரிசோதிக்கலாம் என்று பேச, அடுத்த வாரம் நானும் அவனும் ஆலோசகரிடம் போகிறோம்.