தவிட்டு வாளியும் கிக்கூயூ புல்லும்

உதகைக்கு மேற்கே நாங்கள் குடியிருக்கும் சரிவில் பிறந்த எங்கள் குதிரைக்குட்டிக்கு ஒன்பது மாதம் ஆனபோது, முன்னங்கால்களில் முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பு இருபுறமும் புடைத்துக்கொண்டு, முன்னாலிருந்து பார்த்தால் உடுக்கையைப் போலத் தெரியத் தொடங்கியது. கை வைத்தால் அந்த இடத்தில் மட்டும் சூடு தெரியும். விரலால் அழுத்தினால் காலை இழுத்துக்கொள்ளும். ஏரிப் பக்கம் சவாரிக் குதிரை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "சத்து பத்தலம்மா, கொள்ளைக் கூட்டிப் போடு" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. வேகவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, ஒரு கட்டி வெல்லம் மூன்றையும் வெந்நீரில் பிசைந்து இரு வேளையும் வைத்துக்கொண்டிருந்தவள், ஒரு வாளியை ஒன்றரை வாளியாக்கினேன். மூன்று வாரத்தில் புடைப்புதான் கூடியது.

வந்த கால்நடை மருத்துவர், குட்டியைத் தொடுவதற்கு முன் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். குறை எங்கே என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

குட்டியின் நீண்ட எலும்புகள் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டிலிருந்து நீள்கின்றன. அங்கே முதலில் குருத்தெலும்பு உண்டாகி, அதன் உயிரணுக்கள் முதிர்ந்து, பிறகே அது எலும்பாகிறது. ஒரு வயதுக்குள் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும் பிராணிக்கு இது இடைவிடாத வேலை. மாவுச்சத்தும் வெல்லமும் நிறைந்த தீனி ஒவ்வொரு வேளையும் இன்சுலினை ஏற்றிவிட, அதோடு இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியும் கூடி, உயிரணுக்களை முதிரவிடாமல் பெருக்கிக்கொண்டே இருக்கும் என்றும், முதிர்ச்சியைத் தூண்டும் தைராய்டு ஹார்மோன்களை அதே இன்சுலின் இரத்தத்திலிருந்து விரைவில் கழித்துவிடும் என்றும் கருதப்படுகிறது. குறை வளர்ச்சித் தட்டில் நேர்ந்தால் எங்கள் குட்டிக்கு வந்ததைப் போன்ற புடைப்பு. மூட்டுக்குள் நேர்ந்தால் எலும்பாகாத குருத்தெலும்பு தடித்து, விரிசல் விட்டு, துணுக்காகவே பெயர்ந்து மூட்டில் நீர் கோத்துவிடும். விரைந்து வளர்க்கப்படும் பந்தயக் குதிரை இனங்களில் இது சாதாரணம். மேய்ந்தே வளரும் காட்டுக் குதிரைகளில் அரிது.

வாளியில் நான் செய்த இரண்டாவது பிழை தவிடு. கோதுமைத் தவிட்டில் ஒரு பங்கு கால்சியத்துக்கு எட்டு முதல் பத்துப் பங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. வளரும் குட்டிக்கோ மொத்தத் தீனியில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையவே கூடாது, ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. கால்சியம் போதாவிட்டால் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்தே அதை உருவி இரத்தத்துக்குக் கொடுக்கும். மாவரைப்போர் வளர்த்த குதிரைகளுக்கு முகவெலும்பு வீங்கிப்போன பழைய நோய்க்கும் காரணம் இந்தத் தவிடுதான்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் மலைக்கென்று தனியாக ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து வந்து, இங்கே சாலையோரம் முதல் வீட்டு வாசல் வரை மெத்தை விரித்திருக்கும் கிக்கூயூ புல்லில் ஆக்சலேட் உண்டு. அது புல்லிலுள்ள கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடுவதால், குதிரையின் குடலால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. பக்கத்து வீட்டு மாடு அதே புல்லில் கொழுகொழுவென்று இருக்கிறதே என்று நானும் கேட்டேன். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு, தேயிலைத் தோட்டங்களில் டோலமைட் என்னும் சுண்ணாம்புக் கல்பொடி போட்டுச் சரிசெய்ய வேண்டிய அளவுக்குப் புளித்த, கால்சியம் குறைந்த மண் இது.

வெல்லத்தையும் தவிட்டையும் அன்றே நிறுத்தினேன். கொள்ளு ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து குதிரைமசால் காய்ந்த கட்டுகளாக வருகிறது. கால்சியம் மிகுந்த அந்தத் தீவனத்தின் பெயரிலேயே குதிரை இருந்தும் இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை. தாது உப்புக் கலவை மருத்துவர் சொன்ன அளவில். சரிவில் ஓடவிடாமல், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சமதளத்தில் மட்டும் உலவவிட்டோம். ஐந்து மாதத்தில் சூடு முற்றிலும் தணிந்தது. புடைப்பு இன்னும் கொஞ்சம் தெரிகிறது. குட்டிக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவதால் பெரியவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கோபிக்கிறார்.

தாய்க்குதிரை இப்போது எட்டு மாதச் சினை. குருத்தெலும்பின் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்குத் தாமிரம் வேண்டும். தாய்ப்பாலில் அது மிகக் குறைவு என்பதால், சினையின் கடைசி மாதங்களில் தன் கல்லீரலில் சேர்த்துக்கொண்டு பிறக்கும் தாமிரத்தை வைத்தே குட்டி ஒப்பேற்ற வேண்டும். சென்ற முறை அந்த மாதங்களில் தாய்க்குப் புல்லைத் தவிர நான் எதுவும் கொடுக்கவில்லை. இம்முறை அதன் தொட்டியிலும் தாது உப்பு விழுகிறது.